காமிராவும் சாட்சியும்

நெருள் ரயில் நிலையத்திலிருந்து பன்வேல் திசையில் மூன்றாவது நிலையம் கார்கர். 2016-ஆம் ஆண்டு நவம்பரில் அங்குள்ள குழந்தைகள் காப்பகம் ஒன்றில் விடப்பட்டிருந்த பத்து மாதப் பெண் குழந்தை காயங்களோடு வீடு திரும்பியது. காவல்துறையிடம் முறையீடு சென்றது. காப்பகத்தில் பொருத்தியிருந்த காமிராவின் பதிவைப் பார்த்தபோது, குழந்தையைக் கவனிக்க வேண்டிய ஆயாவே அதை அடித்ததும் உதைத்ததும் தூக்கி எறிந்ததும் தெரியவந்தன. ஆயா கைது செய்யப்பட்டார். அந்தப் பதிவு நாடெங்கும் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பாயிற்று. பார்த்தவர் எவரும் அதை எளிதில் மறந்திருக்க இயலாது.

நவி மும்பையில் அந்தச் செய்தி வெறும் செய்தியாக நிற்கவில்லை. 1970-இல் தொடங்கப்பட்ட சிட்கோ நிறுவனம் திட்டமிட்டு எழுப்பிய நகரம் அது. மாதுங்காவிலும் செம்பூரிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் அடுத்த தலைமுறையினர் கழிமுகத்தைத் தாண்டி வாஷியிலும் நெருளிலும் வீடு வாங்கிக் குடியேறினர். கணவன், மனைவி இருவரும் காலையில் வேலைக்குப் புறப்படுகின்றனர். பாட்டி ஊரில் இருக்கிறாள். குழந்தை காப்பகத்தில் விடப்படுகிறது, அல்லது வீட்டிற்கு வரும் பணிப்பெண்ணிடம் ஒப்படைக்கப்படுகிறது. அத்தகைய பெற்றோர் அந்தப் பதிவைப் பார்த்த இரவே கூடத்தின் மூலையில் ஒரு காமிராவைப் பொருத்த நினைத்திருந்தால் அவர்களைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை.

ஆயினும் அந்தச் செய்தியில் பலர் கவனிக்கத் தவறிய உண்மை ஒன்று உண்டு. கார்கர் காப்பகத்தில் காமிரா இல்லாமல் இருந்து பிறகு வைக்கப்படவில்லை. அது முன்பே அங்கு இருந்தது. குழந்தை அடிபட்ட ஒவ்வொரு நொடியும் அது ஓடிக்கொண்டிருந்தது. அதன் கண்ணெதிரேதான் எல்லாம் நிகழ்ந்தது. ஆயா அதற்கு அஞ்சவில்லை. அந்தக் கணத்தில் குழந்தையைக் காக்கவும் எவரும் ஓடி வரவில்லை. காமிரா பிறகு சாட்சி சொன்னது. பேச முடியாத குழந்தையின் சார்பில் அது பேசிற்று. அதன் பயனைச் சிறிதும் குறைத்துச் சொல்லலாகாது. ஆனால் சாட்சி சொல்வது வேறு, காப்பது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் பிழையிலிருந்துதான் பணியிடக் கண்காணிப்பைப் பற்றிய குழப்பங்கள் பெரும்பாலும் பிறக்கின்றன.

காப்பகத்தில் செல்லுபடியாகும் நியாயம் எல்லாப் பணியிடங்களுக்கும் செல்லுபடியாகுமா? காப்பகத்தில் பேசமுடியாத ஒருவர் இருக்கிறார். அவருக்கு நேரும் தீங்கு திருத்த இயலாதது. ஆகவே அங்கே கண்காணிப்பு யாரைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. வங்கியின் பணப்பெட்டகம், மருந்துக் கிடங்கு, விபத்து நேரக்கூடிய இயந்திரக்கூடம் ஆகியவற்றிற்கும் இதையொட்டிய நியாயங்கள் உண்டு. ஆனால் துணிக்கடையில் பன்னிரண்டு மணிநேரம் நிற்கும் பெண் சற்றே சுவரில் சாய்கிறாளா என்று பார்ப்பதற்கு இந்த நியாயம் எப்படிப் பொருந்தும்?

இது கற்பனையாகக் கேட்கப்படும் கேள்வியன்று. கேரளத்தில் கடைப் பணிப்பெண்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்த குறைகளுள் முதன்மையானது, வேலைநேரத்தில் உட்கார அனுமதி இல்லை என்பது. வாடிக்கையாளர் எவரும் இல்லாதபோதும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் காமிராவில் பார்த்து மேற்பார்வையாளர் வருவார், கூலி பிடிக்கப்படும் என்று அவர்கள் முறையிட்டனர். கோழிக்கோட்டின் தையல் தொழிலாளி விஜி பள்ளித்தொடி போன்றோர் அப்பெண்களைத் திரட்டிப் போராடினர். 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையை வழங்கிற்று. 2021-இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்து, பணியாளர் ஒவ்வொருவருக்கும் இருக்கை வசதி செய்து தரவேண்டும் என்று விதித்தது. மனிதன் உட்காருவதற்குச் சட்டமன்றம் கூடவேண்டியிருந்தது என்பதை ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்கலாம். திருட்டைத் தடுக்க என்று வைக்கப்பட்ட காமிரா, திருடாத ஒருத்தியின் முழங்கால் வலியைக் குற்றமாகப் பதிவு செய்தது. கருவி ஒரு நோக்கத்திற்காக நுழைகிறது. நுழைந்தபின் வேறு நோக்கங்கள் அதன் முதுகில் ஏறிக்கொள்கின்றன.

துப்புரவுப் பணியாளர்களின் கதை இதைவிடக் கசப்பானது. நாக்பூர், இந்தூர், மைசூரு, சண்டிகர் முதலிய நகரங்களைப் போலவே நவி மும்பையிலும் மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்களின் மணிக்கட்டில் இருப்பிடத்தைக் காட்டும் கைக்கடிகாரம் கட்டப்பட்டது. பணியாளர் எந்தத் தெருவில் நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பது தொலைவில் உள்ள திரையில் தெரியும். சண்டிகரில் வழங்கப்பட்ட கடிகாரத்தில் காமிராவும் ஒலிவாங்கியும் இருந்தமையால், கழிப்பறைக்குச் செல்லும்போதும் அது தங்களைப் பார்க்கிறதோ என்று பெண் பணியாளர்கள் அஞ்சினர். தொழிலாளர்கள் அதை அடிமைத்தளை என்று அழைத்துப் போராடினர். விடியற்காலையில் பிறர் குப்பையை அள்ளும் கைகளில் அதைக் கட்டிய நகரங்கள், அதே கைகளுக்கு எத்தனை ஜோடிக் கையுறைகள் வழங்கின என்பதைக் காட்டும் திரை எதையும் அமைக்கவில்லை.

இவ்விடத்தில் வழக்கமாக எழும் எதிர்வாதம் ஒன்று உண்டு: “ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவன் ஏன் அஞ்சவேண்டும்?” கேட்பதற்கு வலிமையான வாதமாகவே தோன்றும். ஆனால் மனிதன் மறைவை நாடுவது தவறு செய்வதற்காக மட்டுமன்று. ஆடை மாற்றுபவர் கதவைச் சாத்துகிறார். அதில் குற்றம் ஏதுமில்லை. தாய் குழந்தைக்குப் பாலூட்டும்போது முந்தானையை இழுத்துக்கொள்கிறாள். துயரச் செய்தியைத் தொலைபேசியில் கேட்டவர் பிறர் காணாத மூலையைத் தேடுகிறார். ஏன், தியானம் செய்பவரும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் அமர்கிறார். இவர்கள் ஒளிப்பது குற்றத்தை அன்று. தம்மைத் தாமே ஒன்றுகூட்டிக்கொள்ளத் தேவையான ஒரு சிறு இடத்தையே காத்துக்கொள்கின்றனர்.

பக்தியுள்ளவர்களிடையே இதே வாதம் இன்னொரு வடிவில் வருகிறது. “இறைவன் எப்போதும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்? அவன் பார்வைக்கு மறையாத நமக்குக் காமிரா ஒரு பொருட்டா?” என்பர். இதைச் சற்று நிதானமாக ஆராயவேண்டும். ஏனெனில் முதலாளிகளுள் சிலர் இதை மெய்யாகவே நம்பிச் சொல்கின்றனர். பணியாளர்களுள் சிலர் இதைக் கேட்டு வாயடைத்துப் போகின்றனர்.

வேதாந்தம் ‘சாட்சி’ என்று குறிப்பது எதை? மனத்தில் எழுந்தடங்கும் ஒவ்வோர் எண்ணத்தையும் பார்த்தபடி, எதிலும் ஒட்டாமல், எதையும் தனக்கென வேண்டாமல் நிற்கும் அறிவையே அது சாட்சி என்கிறது. பிருஹதாரண்யக உபநிஷதத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் உத்தாலக ஆருணியின் வினாவிற்கு விடையாக யாக்ஞவல்கியர் விளக்கும் அந்தர்யாமி, ஒவ்வொன்றின் உள்ளேயும் இருந்து அதை நடத்துபவன். அவன் பார்வை உள்ளிருந்து எழுவது. காமிராவோ வெளியே, சுவரின் உச்சியில் இருக்கிறது; அதற்குத் தெரிவதும் வெளிப்புறமே. மேசையில் தலைசாய்த்திருக்கும் கணக்கரைக் காமிரா காணும். முந்தின இரவு முழுவதும் அவர் மருத்துவமனை வராந்தாவில் தாயின் அருகே விழித்திருந்ததை அது காணாது. செயல் அதற்குத் தெரியும். செயலுக்குப் பின்னுள்ள கருத்து தெரியாது. நீதிமன்றங்களே கருத்தறியாமல் தண்டனை தருவதில்லை.

வேறுபாடு இதோடு முடியவில்லை. சாட்சிக்குச் சம்பளப் பட்டியல் கிடையாது. காமிராவின் பின்னே அமர்ந்திருப்பவருக்குக் காண்பதிலிருந்து கிடைக்கவேண்டியது ஒன்று இருக்கிறது: அரைநாள் கூலியைப் பிடிப்பது, சங்கம் சேர்பவர் யாரென அறிவது, சில வேளைகளில் வெறும் கீழான ஆர்வம். மேலும், இறைவனின் பார்வையில் முதலாளியும் பணியாளரும் ஒருங்கே நிற்கின்றனர். காமிரா ஒருபுறம் மட்டுமே திரும்பியிருக்கிறது. மேலாளரின் அறையில் எத்தனை காமிராக்கள் உள்ளன என்று கேட்டால் போதும், இரண்டு பார்வைகளும் ஒன்றல்ல என்பது விளங்கிவிடும். இறைவனின் பெயரைச் சொல்லிக் காமிராவை நியாயப்படுத்துபவர் தம்மையறியாமல் இறைவனின் இடத்தில் தம்மை அமர்த்திக்கொள்கிறார்.

கிரேக்க ஞானி பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பகுதியில் கைஜீஸ் என்னும் இடையனின் கதையைச் சொல்ல வைக்கிறார். அணிந்தவர் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் போகும் மோதிரம் ஒன்று அவனுக்குக் கிடைக்கிறது. எவரும் காணாதபோதும் ஒருவன் நேர்மையாக இருப்பானா என்பதே அங்கு எழும் வினா. இன்றைய பணியிடம் அந்த வினாவைத் தலைகீழாகத் திருப்பிவிட்டது. எப்போதும் எவரோ காண்கின்றனர் என்றால், ஒருவன் நேர்மையானவனா என்பதை அறிவது எப்படி? பிறர் அறிவது இருக்கட்டும். அவனே தன்னைப்பற்றி அறிவது எப்படி? தவறு செய்ய வாய்ப்பிருந்தும் செய்யாதிருப்பதில்தான் நேர்மை உருப்பெறுகிறது.

இதற்கு முதலாளி தரப்பில் ஒரு பதில் உண்டு. அது நேர்மையான பதிலும்கூட. “நான் நடத்துவது நகைக்கடை, ஆசிரமம் அன்று. என் பணியாளரின் ஆன்ம வளர்ச்சி என் பொறுப்பன்று. மாலையில் எண்ணிப் பார்க்கும்போது மோதிரங்கள் குறையாமல் இருக்கவேண்டும், அவ்வளவே.” இதை மறுக்க இயலாது. திருடப்படும் கடையில் நேர்மையான பணியாளர்களும் சேர்ந்தே சந்தேகத்திற்கு ஆளாகின்றனர். காமிரா பலமுறை அவர்களை விடுவித்ததும் உண்டு. எனவே வினா, காமிரா வேண்டுமா வேண்டாமா என்பதன்று. பிறருடைய உழைப்பை விலைக்கு வாங்கியவர், அதனோடு அவரது எதையெல்லாம் வாங்கிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார் என்பதே.

திருக்குறள் இதில் காட்டும் நுட்பம் வியப்பூட்டுவது. வள்ளுவர் கண்காணிப்பை மறுப்பவர் அல்லர். ஒற்றாடல் அதிகாரத்தில், ஒற்றன் ஆராயவேண்டியவர்களை அடுக்கும்போது பகைவருக்கும் முன்பாக வேலை செய்பவர்களையே வைக்கிறார். தெரிந்து வினையாடல் என்னும் 52-ஆம் அதிகாரத்திலோ, இவ்வேலையை இவ்வாறு இவன் முடிப்பான் என ஆராய்ந்து தெளிந்தபின் அதை அவனிடமே விட்டுவிடச் சொல்கிறார். அதே அதிகாரத்தின் இறுதிக் குறளில், வேலை செய்பவன் நெறி தவறாதிருக்கிறானா என்று மன்னன் நாள்தோறும் ஆராயவேண்டும் என்கிறார். விட்டுவிடு என்பதும் நாள்தோறும் ஆராய்க என்பதும் முரண்போலத் தோன்றும். இவ்விரண்டிற்கும் நடுவே வைத்துள்ள குறளில், தன் வேலையில் முயன்று உழைப்பவன் உரிமையோடு பழகுவதைத் தவறாக எண்ணுபவனிடமிருந்து செல்வமே விலகிவிடும் என்று எச்சரிக்கிறார். மூன்றையும் சேர்த்துப் படித்தால் முரண் நீங்கும். ஆராயவேண்டியவன் மன்னன், அவனே நேரில் ஆராயவேண்டும். அதற்கு வள்ளுவர் ஆளும் சொல் ‘நாடுதல்’. வெறுமனே பார்த்தல் அன்று. அணுகி, வினவி, அறிதல். வேலையின் நிலையை அறிய மேலாளர் பணிக்கூடத்திற்கு இறங்கிவந்து பேசுவது நாடுதல். அவர் தம் அறையில் இருந்தபடியே பதினாறு கட்டங்களாகப் பிரிந்த திரையை நோக்குவது வேறொன்று. ஒற்றர் அதிகாரத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஓர் ஒற்றன் கூறியதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்த பின்னரே ஏற்கவேண்டும் என்கிறார். ஒரு கோணத்தில் நின்ற ஒரே கண்ணின் கூற்று அவருக்குப் போதுமானதாக இல்லை.

மறைந்திருந்து எல்லோரையும் பார்க்கும் கட்டடம் என்றவுடன் சிறைச்சாலையை நினைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அதன் தோற்றம் சிறையில் அன்று, பட்டறையில். ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தமின் தம்பி சாமுவேல், ருஷ்யாவில் இளவரசர் பொட்டெம்கினின் பண்ணையில் பொறியாளராக இருந்தார். அங்கே கூலியாட்களை மேற்பார்வையிட, நடுவில் மேற்பார்வையாளரும் சுற்றிலும் தொழிலாளரும் அமையும் வட்டக் கட்டடம் ஒன்றை அவர் திட்டமிட்டார். 1780-களில் தம்பியைக் காணச் சென்ற ஜெரமி அந்த எண்ணத்தைப் பற்றிக்கொண்டு விரித்தெழுதி 1791-இல் வெளியிட்டார். சிறை, தொழிற்சாலை, மருத்துவமனை, பள்ளி எல்லாவற்றிற்கும் அது பொருந்தும் என்பது அவர் வாதம். எனினும் நடுவில் இருக்கும் மேற்பார்வையாளரையும் பொதுமக்கள் வந்து பார்க்க வழி இருக்கவேண்டும் என்று அவர் சேர்த்துச் சொன்னார். அவர் திட்டத்தை எடுத்துக்கொண்டவர்கள் அந்தப் பகுதியை மட்டும் வசதியாக மறந்துவிட்டனர்.

கண்காணித்தால் வேலை பெருகும் என்னும் நம்பிக்கையாவது உண்மையா? 2012-இல் ஈத்தன் பெர்ன்ஸ்டைன் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை இங்கு நினைக்கத்தக்கது. தென்சீனத்தில் கைபேசி தயாரிக்கும் பெரிய ஆலை ஒன்றில், கூடம் முழுவதும் மேற்பார்வைக்குத் திறந்திருந்தது. தொழிலாளர்கள் தாங்களே கண்டறிந்த சுருக்கமான, சிறந்த வேலைமுறைகளை மேலாளர் பார்க்கும்போது கைவிட்டு, விதிப்படியான மெதுவான முறைக்குத் திரும்பினர். புதுமுறையை விளக்கி அனுமதி பெறும் தொல்லையைவிட அது எளிதாயிருந்தது. சில வரிசைகளைச் சுற்றி ஒரு திரைச்சீலை தொங்கவிடப்பட்டது. அவ்வளவுதான். உற்பத்தி 10 முதல் 15 விழுக்காடு வரை உயர்ந்தது. ஓயாத பார்வையின் கீழ் மனிதன் சோம்பலை மட்டும் மறைப்பதில்லை, திறமையையும் மறைக்கிறான்.

எல்லை எங்கே என்பதில் நீதிபதிகளே உடன்படுவதில்லை. ஸ்பெயினில் பார்சிலோனாவுக்கு அருகிலுள்ள பேரங்காடி ஒன்றில் 2009-இல் சரக்கிருப்புக்கும் விற்பனைக்கும் இடையே பெரும் வேறுபாடு காணப்பட்டது. வாயிலை நோக்கி வைத்த காமிராக்களைப்பற்றிப் பணியாளர்களுக்குச் சொன்னார்கள். பணம் பெறுமிடத்தை நோக்கி ஒளித்துவைத்தவற்றைச் சொல்லவில்லை. பதிவு பத்து நாட்கள் நடந்தது. பதினால்வர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. 2018 ஜனவரியில் அந்த நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, பணியாளர்களின் அந்தரங்க உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. 2019 அக்டோபரில் பேரமர்வு அதை மாற்றி, மீறல் இல்லை என்றது. மாற்றியபோதும் அது சொன்ன காரணங்கள் கவனிக்கத்தக்கவை: பெரிய இழப்பு குறித்த நியாயமான சந்தேகம் இருந்தது, பதிவு சில நாட்களே நடந்தது, பார்த்தவர் சிலரே, இடமும் பொதுமக்கள் நடமாடும் இடம். கழிப்பறையிலோ உடைமாற்றும் அறையிலோ இத்தகைய வாதத்திற்கு இடமே இல்லை. சிறு சந்தேகம் போதாது என்பதையும் அது தெளிவாக்கியது.

இந்தியாவில் 2017 ஆகஸ்டு 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உரைத்தனர். அரசமைப்பின் 21-ஆவது பிரிவு காக்கும் உயிர், சுதந்திரம் ஆகியவற்றோடு பிரிக்கமுடியாதது அது என்றனர். 2022 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், உடல் பிடித்துவிடும் நிலையங்களுக்குள் காமிரா வைப்பது மனிதனின் உடல்சார்ந்த உரிமையைப் பாதிக்கும் என்று, வெறும் சந்தேகத்தின் பேரில் அதைச் செய்யலாகாது என்று தீர்ப்பளித்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அதே உயர்நீதிமன்றத்தின் மற்றொரு நீதிபதி, அத்தகைய நிலையங்களில் காமிரா வைக்க உத்தரவிட்டிருந்தார்.

2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெயரைக் கேட்டுப் பணியாளர்கள் மகிழ்வதற்குமுன் இரண்டு பிரிவுகளைப் படித்துவிடுவது நல்லது. வேலைவாய்ப்பு தொடர்பான தேவைக்கும், முதலாளியை இழப்பிலிருந்து காக்கும் தேவைக்கும் பணியாளரின் ஒப்புதலின்றியே அவரைப்பற்றிய தரவுகளைப் பயன்படுத்தலாம் என்கிறது ஏழாம் பிரிவு. என்னைப்பற்றி என்ன சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டறியும் உரிமையைப் பதினோராம் பிரிவு ஒப்புதல் தந்தவர்களுக்கே அளிக்கிறது. ஆகவே ஒப்புதல் கேட்கப்படாத பணியாளருக்கு அந்த உரிமையும் அப்பிரிவின்கீழ் இல்லை. கேட்கப்படாமலே பார்க்கப்படுபவர்தாம் கேட்டறிய அதிகத் தேவையுள்ளவர் என்பது சட்டம் வரைந்தவர்களுக்குத் தோன்றாமற் போனது வருந்தத்தக்கது.

நெருளின் அடுக்ககங்களுக்குத் திரும்பினால் நிலைமை இன்னும் நுட்பமானது. தனிமனிதர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்கு இச்சட்டம் பொருந்தவே பொருந்தாது. மும்பைத் தமிழர் ‘பாயி’ என்று அழைக்கும் வீட்டுப் பணிப்பெண்ணின்மேல் கூடத்துக் காமிரா காலை முதல் மாலை வரை நோக்கியிருக்கலாம். அவள் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுத் தரையில் அமர்ந்து தன் டப்பாவைத் திறந்து உண்பதை, அலுவலகத்தில் இருக்கும் வீட்டுக்காரர் கைபேசியில் பார்க்கலாம். 2008-இல் மகாராஷ்டிரம் வீட்டுப் பணியாளர்களுக்கென ஒரு நலவாரியச் சட்டம் இயற்றியிருந்தாலும், அது நலத்திட்டங்களுக்கானது, காமிராவைப்பற்றிய ஏற்பாடன்று. அவள் புகார் சொல்ல அலுவலகமும் இல்லை, உடன் நிற்கச் சக பணியாளரும் இல்லை. அந்தக் கூடத்தில் அவளுக்கென உள்ள ஒரே பாதுகாப்பு வீட்டுக்காரரின் மனச்சான்று.

குழந்தையைக் காக்கும் கவலையும் அப்பெண்ணின் கண்ணியமும் மோதியே தீரவேண்டும் என்பதில்லை. காமிரா எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே அவளுக்குப் புரியும் மொழியில், மராத்தியிலோ ஹிந்தியிலோ, சொல்லிவிடலாம். அது குழந்தை இருக்கும் இடத்தை நோக்கட்டும். அவள் உண்ணும் இடத்தையும் உடை மாற்றும் இடத்தையும் நோக்க வேண்டாம். பழைய பதிவுகளைச் சேர்த்து வைக்காமல் சில நாட்களில் அழித்துவிடலாம். குழந்தை விழுந்துவிட்டதாக அவள் சொல்லும் நாளில், அவளையும் அருகே அழைத்து அமரச்செய்து, அந்தப் பதிவை இருவருமாகப் பார்க்கலாம். சில வீடுகளில் இவ்வாறே நடக்கிறது. வேறு சில வீடுகளில், பொம்மைக்கடிகாரத்தின் உள்ளே காமிராவை ஒளித்துவைத்து, அந்தக் கடிகாரத்தைத் தூசு தட்டும்படி அவளிடமே சொல்கிறார்கள்.